அந்தத் ‘தானே’யை விட்டுவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன ஞாயிறு நீ உன் புது சர்வே வேலையைப் பற்றிப் போனில் பேசியதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. “ஒரே நாள்ல பன்னிரண்டு வீடு முடிச்சுட்டேன் அத்தை. கேள்வியெல்லாம் டேப்லெட்லயே இருக்கு, படிச்சுக் காட்டி டிக் பண்ணிக்கிட்டே போக வேண்டியதுதான்” என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகவும் வார்டு வார்டாகவும் மனிதர்களிடம் கேள்வி கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? உன்னைப்போல் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் ஆகட்டுமே என்றுதான் பொதுவில் போடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் வயதில் நானும் சர்வேக்குத்தான் போனேன். தேனிப் பக்கம் ஒரு கிராமம், வெயில் ஏறிவிட்ட நேரம். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றைக்கு இன்னும் நான்கு வீடு பாக்கி. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன், மூன்று என்றார். அடுத்த கேள்வி, பிறந்து இறந்துபோன குழந்தைகளைப் பற்றியது. தாளில் இருந்தபடி அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. “எல்லாரும் நல்லா இருக்காங்கதானே?” என்று கேட்டுவிட்டேன். அவர் மாமியாரை ஒரு தரம் பார்த்தார். “ம், இருக்காங்க” என்றார். நான் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

எல்லாம் முடிந்து பையை மூடும்போது மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புகிறவரை அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “இன்னொண்ணு இருந்துச்சுக்கா. மூணு நாள் இருந்துச்சு” என்றார்.

பையைத் திறந்து தாளை எடுத்துத் திருத்தினேன். கை நடுங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று நாள் இந்த உலகத்தில் இருந்த ஒரு உயிரை நான் ஒரு ‘தானே’ போட்டு இல்லாமலே ஆக்கியிருந்தேன். அவர் வாய் திறந்திருக்காவிட்டால் அது அப்படியே போயிருக்கும். அதற்கு முந்தைய வீடுகளில் எத்தனை அப்படிப் போயினவோ என்று அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை.

1992-93இல் தொடங்கிய தேசியக் குடும்ப நல ஆய்வின் கேள்வித்தாளைப் பார். இறந்த குழந்தை இல்லை என்று பதில் வந்தாலும் அதோடு விடமாட்டார்கள். பிறந்து அழுத, உயிர் இருந்ததற்கு அடையாளம் காட்டிய, ஆனால் பிழைக்காத குழந்தை உண்டா என்று இன்னொரு தரம் கேட்கச் சொல்லியிருப்பார்கள். சிசு மரண விகிதம் என்று பேப்பரில் நாம் படிக்கிற எண் இப்படிப்பட்ட திண்ணைகளிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் சர்வேயில் கேள்வியை எழுதியபடியே வாசி என்று அத்தனை கண்டிப்பாகச் சொல்கிறார்கள். மனசு சங்கடப்படுகிறதே என்று நீ ஒரு வார்த்தையை மாற்றினால், அந்த வீட்டில் நீ கேட்ட கேள்வியும் அடுத்த மாவட்டத்தில் உன் தோழி கேட்ட கேள்வியும் வேறு வேறு.

வார்த்தை மட்டும் இல்லை, கேட்கும் வரிசைகூடப் பதிலை இழுக்கும். வீட்டுச் செலவைக் கணக்கெடுக்கும் தேசிய மாதிரி ஆய்வின் 55ஆவது சுற்று 1999-2000இல் நடந்தது. உணவுச் செலவுக்கு ‘கடந்த 7 நாளில்’, ‘கடந்த 30 நாளில்’ என்று இரண்டு பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். போன வாரம் வாங்கிய எண்ணெய் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாதக் கணக்கென்றால் சிலது விட்டுப்போகும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சொல்கிறவரும் எழுதுகிறவரும் வாரக் கணக்கை நாலால் பெருக்கி மாதக் கணக்கைச் சரிக்கட்டத்தான் பார்ப்பார்கள். அப்போது மாதச் செலவு கூடித் தெரியும், வறுமை குறைந்து தெரியும். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதத்துக்கு இறங்கியது என்று அந்தச் சுற்றிலிருந்து கணக்கு வந்தபோது, அதில் நிஜமாகக் குறைந்தது எவ்வளவு, இந்தப் பத்திகள் குறைத்தது எவ்வளவு என்று பொருளாதார அறிஞர்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். ஒரு தாளில் இரண்டு பத்திகள், பாப்பா. ஒரு நாட்டின் ஏழைகள் எத்தனை பேர் என்பதே குழம்பிவிட்டது.

அப்புறம் நான் ஆஸ்பத்திரிக்குச் சமூகப் பணியாளராக வந்தேன். அங்கே முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, சர்வேயில் கற்றதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்று. தாளை வாசித்தால் நோயாளி தாளுக்குத்தான் பதில் சொல்வார். அமெரிக்காவில் 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டாக்டர்கள் நோயாளியிடம் பேசுவதை ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். நம் ஊர் ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அந்த 18 நொடிகூடக் கிடைப்பது அபூர்வம்.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். சர்க்கரை குறையவே இல்லை என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். “மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்கதானே?” “ஆமாங்க.” “இனிப்பு எதுவும் சேர்க்கலையே?” “இல்லைங்க.” ஒவ்வொரு முறையும் இதே பேச்சு, மாத்திரையின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் அவரைத் தனியாக மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்து, “நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணீங்கன்னு சொல்லுங்கய்யா” என்று மட்டும் கேட்டேன். டீக்கடை, ஆடு, ரேஷன் கடை வரிசை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்தார். உள்ளே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். மனைவிக்கும் சர்க்கரையாம், அந்தம்மாவால் பஸ் ஏறி வர முடியாதாம். ஒரு அட்டையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. நம் ஜனங்கள் படித்தவரிடமும் அதிகாரத்தில் இருப்பவரிடமும் ‘ஆமாங்க’ என்று சொல்வது மரியாதைக்காக. ‘நீங்க சொல்றது காதுல விழுந்துச்சு’ என்பதுதான் அதற்கு அர்த்தம். இதை நீ முதலில் காதில் வாங்கிக்கொள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வாசலில் நிற்கும்போது உன் வயது இருபத்துமூன்று என்பது அவர்கள் கண்ணில் படாது. நீயும் ஆபீசர்தான்.

அதேபோல ‘ஏன்’ என்ற வார்த்தையை முடிந்த மட்டும் குறைத்துக்கொள். “ஏன் போன மாசம் வரலை?” என்றால் அது திட்டுவது. காரணம் சொல்ல மாட்டார்கள், சமாதானம் சொல்வார்கள். “போன மாசம் என்ன ஆச்சு?” என்று கேட்டுப் பார், பஸ் கட்டணமும் மழையும் மகள் பிரசவமும் வெளியே வரும்.

அப்புறம், சொல்கிறவரின் சொந்த வார்த்தைகளுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு உதாரணம். வீட்டில் இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று கண்டுபிடிக்க நம் நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு என்று பெயர். டாக்டர் அல்லாத களப்பணியாளர்கள் வீட்டுக்குப் போய்க் கேள்விகளோடு நிறுத்தாமல், நடந்ததைக் குடும்பத்தார் சொன்னபடி அவர்கள் மொழியிலேயே அரைப் பக்கம் எழுதி வாங்கினார்கள். அதை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறித்தார்கள். அதிலிருந்துதான் 2005இல் மட்டும் இந்தியாவில் சுமார் 46 ஆயிரம் பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள் என்ற மதிப்பீடு வந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறியது அதில் ஒரு சிறு பகுதிதான். மீதிப் பேர் வயலிலும் வழியிலும் வீட்டுத் தரையிலும் போய்ச் சேர்ந்தவர்கள். யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு எழுதியதால் அவர்கள் கணக்கில் வந்தார்கள்.

குழந்தைகளிடம் கேட்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கடைசி சில வருஷம் நான் செய்தது அந்த வேலை. குழந்தைக்குப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத்தான் பழக்கியிருக்கிறோம். “அந்த மாமா உன்னைத் தொட்டாருதானே?” என்று கேட்டால், தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் தலை ஆடும். கலிஃபோர்னியாவில் மெக்மார்ட்டின் என்ற பாலர் பள்ளியில் குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது என்ற வழக்கு 1983இல் தொடங்கியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் பேசினார்கள். ‘மத்த பிள்ளைங்க எல்லாம் சொல்லிட்டாங்களே’ என்கிற பாணியில் கேட்டார்கள், ஆமாம் என்ற பிள்ளையைப் பாராட்டினார்கள். 1990இல் வழக்கு முடிந்தபோது ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. கேட்ட விதத்தாலேயே குழந்தைகள் சொன்ன எதையும் எடுத்துக்கொள்ள முடியாமல் போனது. அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு நிஜமாகவே ஏதாவது நடந்திருந்தால் அதன் கதி என்ன என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்குப் பிறகு 1990களில் அங்கே குழந்தைகளிடம் பேசுவதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார்கள். முதலில் பிறந்தநாள் போல ஏதாவது ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்லச் சொல்வார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று குழந்தைக்கு முன்னாடியே சொல்லிவிடுவார்கள். பிறகு, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல் என்பார்கள், அதன் பிறகு என்ன ஆனது என்பார்கள். பயிற்சியில் இதைக் கேட்டபோது எனக்கு நம் அப்பத்தாதான் நினைவுக்கு வந்தார். கதை சொல்லும்போது நாம் ‘ம்’ கொட்டாவிட்டால் நிறுத்திவிடுவார் இல்லையா? ‘ம்’, ‘அப்புறம்?’ இரண்டும் போதும். அந்த வார்த்தைகளில் எந்தப் பதிலும் ஒளிந்திருக்காது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் நம் போக்சோ சட்டம், 2012, இந்தக் கவனத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும், சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. நீதிமன்றத்தில்கூட வக்கீல்கள் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். நடைமுறையில் இது எல்லா இடத்திலும் நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நீ அந்த வேலைக்குப் போகிற நாளில் இதைக் கேட்டு வாங்கு.

வேலைக்கு ஆள் எடுக்கிற நேர்காணலைப் பற்றியும் கேட்டிருந்தாய், உன் அலுவலகத்தில் உதவிக்கு உட்காரச் சொல்கிறார்களாமே. நானும் சில குழுக்களில் இருந்திருக்கிறேன். ‘எந்த ஊரு’ என்று ஆரம்பித்து ‘அங்க எந்தத் தெரு’ என்று போவதை என் காதால் கேட்டிருக்கிறேன். தெருப் பெயர் எதற்கு என்று உனக்குத் தெரியும். அப்படி யாராவது கேட்டால் நீ சின்னவள் என்று பார்க்காதே, பேச்சை மாற்றிவிடு. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் பி கெசட்டட் அல்லாத பதவிகளுக்கும் சி, டி பதவிகளுக்கும் நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. சிபாரிசுக்கும் ஊழலுக்கும் வழி என்பதுதான் சொன்ன காரணம். உன் குழுவில் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள், மதிப்பெண்ணை அவரவர் தனியாகப் போடுங்கள். “எல்லார்கூடவும் அனுசரிச்சுப் போவீங்கதானே?” என்று கேட்டால் வேலை தேடி வந்தவர் இல்லையென்றா சொல்வார்? யாரோடாவது ஒத்துப்போகாமல் போன ஒரு சமயத்தைச் சொல்லச் சொல்.

இன்னும் ஒன்றே ஒன்று. 2005இல் சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் போயிருந்தேன். ஒரு தகரக் கொட்டகையில் ஒரு அம்மா என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, “நீங்க எத்தனாவது ஆளு தெரியுமாம்மா?” என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒவ்வொருவரும் வந்து மகனின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். நான் அன்று தாளை எடுக்கவில்லை. முந்தி வந்தவர்களின் விவரத்தைத் தேடிப் பிடித்து அதிலிருந்தே எடுத்துக்கொண்டேன். நீயும் ஒரு வீட்டுக்குப் போகும் முன் இதே விவரம் வேறு எங்காவது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்.

பன்னிரண்டு வீடு வேண்டாம், பாப்பா. உன் சூப்பர்வைசரிடம் பேசு. ஏழோ எட்டோதான் ஒழுங்காக முடியும் என்று சொல். ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுதிக் காட்டு, நிமிஷக் கணக்கைக் காட்டிக் கேட்டால் காது கொடுப்பார்கள். மறுத்தால் எனக்குப் போன் செய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. டேப்லெட்டையும் கொண்டு வா. திண்ணையில் நான் மொச்சையோடு உட்கார்கிறேன், நீ வாசலிலிருந்து ஆரம்பித்துக் கேள். அண்ணியையும் கூட்டி வா, பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பதிலாக அவர் பதில் சொல்லட்டும். அவரை மனம் நோகாமல் எப்படி உள்ளே அனுப்புவாய் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அத்தை