வழக்கறிஞர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சுதந்திர தின, குடியரசு தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடைபெற்றன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

செயற்குழு இவ்வாண்டு அதிக நேரம் செலவிட்டது நூலகத்தில் அமைத்த இணையத் தேடல் மேசைக்காகத்தான். இது எதற்கு என்று சிலர் இன்னும் கேட்பதால் விரிவாகவே கூற வேண்டியுள்ளது. நம் நூலகத்திலுள்ள உரிமையியல் நடைமுறை விதிகள் தொகுதியில் திருத்தச் சீட்டு ஒட்டும் வழக்கம் எப்போதோ நின்றுவிட்டது. ஒட்டியவையும் பசை விட்டுப் பக்கங்களுக்கிடையே உதிரியாகக் கிடக்கின்றன. இந்நிலையில், 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு 438ஆக இருந்த முன்ஜாமீன் பிரிவு இப்போது 482. முன்பு 482ஆக இருந்த உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் இப்போது 528. இணையத்தில் வெறுமனே 482 என்று தேடுகிற ஜூனியருக்கு முன்ஜாமீனோடு தொடர்பில்லாத பழைய தீர்ப்புகளே குவியும். சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்த விரும்பினோம்.

சட்ட வாசகத்துக்கு மத்திய அரசின் இந்தியா கோட் தளம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அந்நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம், நம் மாநில நீதிமன்ற விதிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் இணையதளம், திருத்தம் அமலுக்கு வந்த நாளை உறுதிசெய்ய அரசிதழ் என்று வரிசைப்படுத்தி, அத்தாளை மேசையருகே ஒட்டியுள்ளோம். இந்தியன் கானூன் என்னும் தனியார் தேடல் தளம் விரைவாகத் தேட உதவும். விதியின் இன்றைய வாசகத்துக்கு அதை மட்டுமே நம்பலாகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 122இன்படி முதல் அட்டவணையிலுள்ள விதிகளை உயர் நீதிமன்றம் மாற்றலாம் என்பதால், மத்தியச் சட்டத்தின் வாசகத்தோடும் நின்றுவிடக் கூடாது. எதிருரைக்கான, அதாவது வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலுக்கான, கட்டளை 8, விதி 1ஐ எடுத்துக்கொள்வோம். விதி 30 நாள் தந்து, 90 நாள் வரை நீட்டிக்க இடமளிக்கிறது. சாதாரண வழக்குகளில் அந்த 90 நாள் வரம்பு கட்டாயமன்று என்று உச்ச நீதிமன்றம் 2005இல் கூறியது. வணிக வழக்குகளிலோ, 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் அதே விதிக்கு வேறு வாசகம் தந்திருப்பதால், 120 நாள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடுகிறது. பழைய புத்தகத்தை நம்பி வாய்தா கேட்பவரின் கட்சிக்காரர் அன்றைக்கே பாதி வழக்கை இழந்துவிடுகிறார்.

இதற்காக நடத்திய மாலைப் பயிற்சிக்கு ஜூனியர்கள் ஆர்வத்துடன் வந்தனர். பயிற்சி வேண்டுமென்று பொதுக்குழுவில் வலியுறுத்திப் பேசிய உறுப்பினர்கள் பலரை அங்கே காண இயலவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். சந்தா நிலுவை பெருகியதால், கட்டணத் தீர்ப்புத் தரவுதளத்தைப் புதுப்பிக்கவும் முடியவில்லை. நினைவூட்டுக் கடிதம் பெற்றும் பதிலளிக்காதவர்களில் அத்தளத்தை நாள்தோறும் பயன்படுத்தியவர்களும் உண்டு.

வரவு செலவு பெரும்பாலும் சமநிலையில் உள்ளது. கணக்கேடுகளைப் பொருளாளரிடம் பார்வையிடலாம். ஒத்துழைத்த தலைவர், செயற்குழுவினர், நூலகப் பணியாளர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் அச்சுப்பொறி ஒன்று வாங்குவதும், அந்தந்த மாத விதித் திருத்தங்களைத் தொகுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் அவசியம். மேசையைத் தொடர்ந்து கவனிக்க இரு உறுப்பினர்கள் முன்வந்து, நிலுவையும் மார்ச் மாதத்துக்குள் வசூலானால், இப்பொறுப்பை மீண்டும் ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. நிலுவை வைத்துள்ளோர் பெயர்ப்பட்டியல் பொருளாளரிடம் உள்ளது. கூட்டம் முடிந்தபின் அவர் நூலகத்திலேயே இருப்பார்.