இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். கோ-கோ அணி நன்றாக ஆடியது. அறிவியல் கண்காட்சிக்கு வந்திருந்த அனைவருக்கும் நன்றி. விடைத்தாள்களைப் பள்ளி திறந்த முதல் வாரத்தில் கொடுத்தனுப்புகிறோம்.

அப்புறம், பிறந்தநாள் கொண்டாட்டங்களைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பிறந்தநாளன்று கலர் டிரஸ் போட்டு வந்து வகுப்பில் மிட்டாய் கொடுப்பது நம் பள்ளியில் நெடுநாள் வழக்கம். அதில் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் மிட்டாய் சாக்லேட்டாக மாறியது. சாக்லேட்டோடு ஒரு பென்சில் சேர்ந்தது. இப்போது குழந்தையின் படம் அச்சிட்ட பையில் ஸ்டிக்கர், பென்சில் டப்பா, பிளாஸ்டிக் கார், சிப்ஸ் பாக்கெட் என்று ரிட்டர்ன் கிஃப்ட் வருகிறது. நாற்பது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் அநேகமாக வாரம் ஒரு பிறந்தநாள் வந்துவிடும். சாயங்காலம் ஆயாம்மா வகுப்பைப் பெருக்கும்போது அந்தக் காரின் சக்கரமும் சிப்ஸ் கவரும்தான் முறத்தில் வருகின்றன. பால் கவரையாவது காயலான் கடையில் எடைக்கு எடுப்பார்கள். பளபளக்கும் சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது கஷ்டம், அதை யாரும் வாங்குவதில்லை.

"துணிப்பையில்தானே கொடுக்கிறோம்" என்று சில பெற்றோர் சொன்னீர்கள். உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் துணி மாதிரியே இருக்கும் அந்தப் பை பருத்தியில் செய்ததல்ல, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்த 14 வகைப் பொருட்களில் அதுவும் ஒன்று. கேக் வைத்துக் கொடுக்கும் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டும், ஜூஸ் கப்பும்கூட அதே பட்டியலில் இருக்கின்றன.

பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருக்கும் நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தென்சென்னையின் குப்பை பல வருடங்களாகப் போய்ச் சேர்ந்த பெருங்குடிக் கிடங்கு சதுப்புநிலத்தை ஒட்டியே இருக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே வருடம்தான் நம் சதுப்புநிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. அங்கே வரும் பறவைகளைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, அதே வகுப்பில் இவ்வளவு குப்பையைச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு விஷயத்தை அழுத்தியே சொல்கிறேன். கிஃப்ட் வாங்கித்தர வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் சிலர் பிறந்தநாளன்று லீவு போட்டுவிடுகிறார்கள். வகுப்பாசிரியர்கள் இதைக் கவனித்துச் சொன்னபோது மனசு மிகவும் கஷ்டப்பட்டது. ஒரு குழந்தை தன் பிறந்தநாளை வெளியில் சொல்லக் கூச்சப்படும் நிலை இந்தப் பள்ளியில் இருக்கக் கூடாது.

எனவே, ஜனவரியில் பள்ளி திறந்தது முதல் ரிட்டர்ன் கிஃப்ட், கேக், பாக்கெட் தின்பண்டம் எதற்கும் அனுமதி இல்லை. மீறிக் கொண்டுவந்தால் அலுவலகத்தில் வாங்கி வைத்து, அன்று மாலையே உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். "இந்த ஒரு தடவை மட்டும்" என்று தயவுசெய்து வகுப்பாசிரியரிடம் வாதாட வேண்டாம். இது என்னுடைய முடிவு. கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.

கலர் டிரஸ் வழக்கம்போல உண்டு, புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கடலைமிட்டாயோ எள்ளுருண்டையோ ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினால் போதும். பிள்ளைகள் கை கழுவிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். கதைப் புத்தகம் தர விரும்பினால் வகுப்பு நூலகத்துக்கு ஒன்று கொடுக்கலாம், வீட்டில் படித்து முடித்ததாக இருந்தாலும் சரி. இதுவும் கட்டாயமில்லை.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம் ஒன்று. பிள்ளைகள் விட்டுச்சென்ற தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், குடை, மழைக்கோட்டு எல்லாம் அலுவலக அலமாரியில் நிறைந்து கிடக்கின்றன. கேட்டு வருபவர்கள் மிகக் குறைவு, அதற்குள் புதிதாக வாங்கிவிடுகிறோம். பெற்றோர் கூட்டத்தன்று அவற்றை வராந்தாவில் பரப்பி வைக்கிறோம், உங்களுடையதை எடுத்துச் செல்லுங்கள். டிபன் பாக்ஸில் பெயர் வெட்டிக்கொள்வது நல்லது, பாத்திரக்கடையிலேயே வெட்டித் தருவார்கள்.

இவ்வளவு சொன்னாலும், பெற்றோரில் பலர் எங்களுக்கு முன்பே இதைத் தொடங்கிவிட்டீர்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருவரின் பாட்டி, பேத்தியின் பிறந்தநாளுக்குத் தானே எள்ளுருண்டை பிடித்துத் தூக்கில் கொண்டுவந்தார். தூக்கு காலியான பிறகும் பிள்ளைகள் இன்னும் கேட்டார்களாம். சின்னதாகிப்போன சீருடைகளைத் துவைத்து, தேய்த்து, அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கொடுத்த அம்மாக்களுக்கும், பழைய காலண்டர் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டு அனுப்பிய வீடுகளுக்கும் என் மனமார்ந்த நன்றி.

புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகளுடன்,

தலைமையாசிரியர்