தேர்மோஸ்டட்டைக் கழற்றாதீர்கள், மஞ்சள் விளக்கை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி, தை, மாசி மாதங்களில் நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளை பக்கங்களில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகார் வழமையானது. துகள் உறைபனி விழுந்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். பழி முதலில் பெட்டரியின் தலையில் விழுகிறது; புதுப் பெட்டரி போடப்படுகிறது; சில நாட்களில் மறுபடி அதே கதை. இதற்கிடையில் டேஷ்போட்டில் எரியும் மஞ்சள் நிற 'செக் எஞ்சின்' விளக்கை, கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு அழித்துவிட்டு, வேலை முடிந்தது என்று பில்லும் கொடுத்துவிடுகிறார்கள். பல பெற்றோல் வண்டிகளில் இந்த இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான்: கழற்றி வீசப்பட்ட தேர்மோஸ்டட், அதாவது எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வு.

கம்பளையிலிருந்து றம்பொடை ஏற்றத்தில் வண்டி கொதித்தால் நம் கராஜ்களில் உடனடி வைத்தியம் தேர்மோஸ்டட்டைக் கழற்றுவது. அந்தச் சிறிய வால்வு செய்வது இவ்வளவுதான்: எஞ்சினில் உள்ள கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) ஏறக்குறைய 82 பாகை செல்சியஸ் வரும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும், வந்ததும் திறக்கும். அது இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டரைச் சுற்றிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். கொழும்பு வெயிலில் இதன் கெடுதல் சட்டென்று தெரியாது. ஆனால் விடியற்காலையில் நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்குகிற வண்டி, பயணம் முடியும்வரை சூடேறாமலே ஓடலாம். எஞ்சின் இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று எண்ணும் வண்டியின் கணினி தொடர்ந்து கூடுதல் பெற்றோலை விடுகிறது. ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கிறது. எரியாத பெற்றோல் பிஸ்டன் ரிங் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்கிறது. கரி பிடித்த பிளக்கோடு மறுநாள் காலை ஐந்து, ஆறு பாகைக் குளிரில் சாவியைத் திருப்பினால் வண்டி எப்படிப் பிடிக்கும்? வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் இதே வண்டி தோற்றுப்போக இடமுண்டு.

சரி, ஏற்றத்தில் கொதித்தது ஏன்? கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் நல்லபடி இருந்தால், உள்ளே ஏற்படும் அழுத்தம் அந்த எல்லையைச் சுமார் 20 பாகை உயர்த்தும். மூடி தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அதனால் முதலில் மாற்ற வேண்டியது மூடி. மேலே அது தாங்கும் அழுத்தம் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். வண்டிக்கு உரிய எண்ணையே போட வேண்டும், 'பெரிய எண் நல்லது' என்பதெல்லாம் கிடையாது. அடுத்து ரேடியேட்டர் விசிறி, அதற்கு மின்சாரம் விடும் ரிலே, அடைபட்ட ரேடியேட்டர். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டினால் துருவும் படிவும் சேர்ந்து அடைப்பது நிச்சயம். கூலன்டும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதே முறை.

வெப்பமானி முள் இல்லாத பல சிறிய கார்களில் நீல நிற வெப்பமானி விளக்கு ஒன்று இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எரிந்து, சில கிலோமீற்றரில் அணைந்துவிட வேண்டும். கால் மணி நேரம் ஓடியும் அது அணையாவிட்டால் பெரும்பாலும் தேர்மோஸ்டட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. இதைவிட மலிவான சோதனை வேறில்லை. ஆனாலும் அந்த நீல விளக்கை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

இனி மஞ்சள் விளக்கு. அது விடாமல் எரிந்தால் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். கண் சிமிட்டினால் சிலிண்டரில் சரியாக எரியாத பெற்றோல் புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டருக்குள் போய் அதை வேகவைக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, அருகில் உள்ள கராஜோடு நிறுத்துங்கள். சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும், அடுத்த சந்திவரை கூடப் போகக் கூடாது.

மஞ்சள் விளக்கை அழிப்பதற்கு முன், கணினி பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டை எழுதி வையுங்கள். ஸ்டியரிங்கின் கீழே உள்ள 16 முனைச் சொக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் எண் வரும். பி0128 என்றால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவில்லை. பி0117, பி0118 என்றால் கூலன்ட் வெப்பச் சென்சர் அல்லது அதன் வயர். பி0300 முதல் பி0304 வரை சிலிண்டர் தவறி எரிவது. பி0335 வந்தால், எஞ்சின் தண்டின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சர் பக்கம் பார்க்க வேண்டும். குறியீடு விழுந்த கணத்தில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்பதும் கூடவே பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பெட்டரி வயரைக் கழற்றினாலும் பெரும்பாலான வண்டிகளில் இதே கதிதான். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட பழைய வண்டிகள் சில, மலிவான புளூடூத் ஸ்கேனருக்குப் பதில் சொல்லாது. அதற்காகக் கோளாறு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு சோதனையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், சுவிச்சை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 9 பாகை, கூலன்ட் 45 பாகை என்று காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. சூடான எஞ்சின் என்று நம்பிக் கணினி பெற்றோலைக் குறைத்துவிடும். பகலில் ஒழுங்காகப் பிடிக்கிற வண்டி காலையில் மட்டும் மக்கர் பண்ணுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். டொயோட்டா வண்டிகளில் அந்தச் சென்சர் 20 பாகையில் இரண்டரை கிலோ ஓம் அளவும், 80 பாகையில் 0.3 கிலோ ஓம் அளவும் காட்ட வேண்டும்.

பெட்டரியை வாங்கும் முன் அளக்கலாமே. காலையில் வண்டியைத் தொடுமுன் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 இருந்தால் பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பெட்டரி தளர்ந்துவிட்டது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால் கோளாறு, பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒல்டர்னேட்டரில். எல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் இழுத்துச் சுற்றினால், ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பெட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் அரிப்பு. நம் மூடுபனியில் இது சகஜம். அப்பச்சோடாக் கரைசலால் கழுவி, உரசி, இறுக்கினால் போதும். தடித்த 20டபிள்யூ-50 ஒயிலை டொயோட்டா விட்ஸ் போன்ற சிறிய எஞ்சினுக்கு ஊற்றுவதும் குளிரில் ஸ்டார்ட்டரைத் திணறடிக்கும். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால்தான் குளிரில் ஒயில் இளகி ஓடும்.

டீசல் வேன், லொறிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்த பின்னரே சாவியைத் திருப்புங்கள். பிடித்ததும் வண்டி குலுங்கி, வெள்ளைப் புகை விட்டு, ஒரு நிமிடத்தில் சரியானால், சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்றோ இரண்டோ செத்திருக்கக்கூடும். இணைப்புத் தகட்டைக் கழற்றி ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும்: நல்ல பிளக் ஓர் ஓம் அளவில் காட்டும், செத்தது எதையும் காட்டாது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில், சட்டென்று தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது பிஸ்டனையே உடைக்கும் வேலை.

கராஜ் உரிமையாளர்களிடம் ஒரு கோரிக்கை: படித்த குறியீட்டு எண்ணையும், தேர்மோஸ்டட்டைக் கழற்றியிருந்தால் அதையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். பாவித்த வண்டி வாங்குகிறவர்கள், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் குழாயில் கை வையுங்கள். சில நிமிடம் குளிராகவே இருந்து பின்பு சட்டென்று சுட்டால் தேர்மோஸ்டட் வேலை செய்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அதைப் புதிதாகப் போடும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர்கள் சிலர்,
நுவரெலியா