இளைஞர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஜனவரி 12, தேசிய இளைஞர் நாளில் பேச்சுப்போட்டி நடத்தினோம். குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றினோம். கோடையில் கைப்பந்துப் போட்டி, அப்புறம் ரத்ததான முகாம். எல்லாம் நல்லபடியாக நடந்தன.

அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க உதவுவதற்காக நாம் போட்ட ஞாயிற்றுக்கிழமை உதவி மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது மன்றத்தின் வேலையா என்று செயற்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். மத்திய அரசின் 2014 தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர் என்கிறது. கல்வி, வேலை, சுயதொழில், உடல்நலம், விளையாட்டு, அரசியல் பங்கேற்பு என 11 துறைகளுக்கு முன்னுரிமை தருகிறது. அந்தப் பதினொன்றில் விளையாட்டோடு நின்றுவிடுவதற்கு ஒரு மன்றம் எதற்கு என்பதுதான் என் பதில்.

கல்லூரிக்குள் இருப்பவர்களுக்குத் திட்டங்கள் ஓரளவு போய்ச் சேருகின்றன. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரியே வழிகாட்டுகிறது. ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சியும் வகுப்புக்கே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவருக்கு யார் சொல்வார்கள்? எட்டாம் வகுப்பு படித்திருந்தாலே மானியத்தோடு தொழில் கடன் கேட்கலாம் என்பது நம் தெருவிலேயே பலருக்குத் தெரியவில்லை. மேசை அவர்களுக்காகப் போட்டது.

செல்போன் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், சிறுதொழிலுக்கான முத்ரா கடன் கேட்டு வங்கிக்குப் போனார். சொத்துப் பத்திரம் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முத்ராவுக்குப் பிணை தேவையில்லை என்பது விதி. அந்த விதியை அச்செடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள், கடனும் வந்தது.

எல்லாமே இப்படி முடியவில்லை. மாநில அரசின் வேலையில்லாதோர் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், அதுவும் மூன்று ஆண்டுகளுக்குத்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். 22 வயதில் பதிந்தவருக்கு 27 ஆகிவிடுகிறது. கொள்கையின் கணக்கில் அவர் இளைஞராக இருக்கப்போவது இன்னும் இரண்டு ஆண்டுதான். இடையில் பதிவைப் புதுப்பிக்க மறந்தவர்களின் நிலை இன்னும் மோசம். இந்த விதி மாற வேண்டும் என்று நம் மன்றம் எழுத்தில் கேட்க வேண்டும்.

2022-ல் மத்திய அரசு புதிய இளைஞர் கொள்கையின் வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. நம்மிடமிருந்து ஒரு வரிகூடப் போகவில்லை. அரசு கேட்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, பிறகு டீக்கடையில் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அக்டோபர் 2 கிராம சபையிலும் இதே கதைதான். திறன் பயிற்சி முகாம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர எல்லாரையும் அழைத்திருந்தேன். 18 வயதில் வாக்கு, 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கும் உரிமை, இரண்டும் நமக்கு இருக்கின்றன. கைப்பந்து இறுதி ஆட்டத்துக்குத் திரண்ட கூட்டத்தில் கால்வாசி வந்திருந்தாலும் போதும். சில பெண் உறுப்பினர்கள் எழுந்து பேசியதால்தான் தீர்மானம் பதிவானது. அவர்களுக்குத் தனியாக நன்றி.

வரவு செலவில் பெரிய சிக்கல் இல்லை. செலவு வரவைச் சற்று மிஞ்சியது. தலைவர் கைப்பணம் கொடுத்துச் சரிக்கட்டினார். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், அதனால் விடுகிறேன். மேசைக்கு வேண்டிய தாள், நகல், இ-சேவை மையக் கட்டணம் எல்லாம் அந்தச் சந்தாவிலிருந்துதான் வர வேண்டும்.

இடம் கொடுத்த நூலகத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் மேசை நடக்க வேண்டுமானால் ஞாயிறு காலையில் வந்து உட்கார இன்னும் இரண்டு பேர் தேவை. கணினி தெரிந்தவர்களானால் நல்லது. இப்போது வருபவர்களை நான் ஒருவனே பார்த்து முடிக்க முடியவில்லை. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதை, இந்தக் கூட்டம் முடிவதற்குள் யார் யார் பெயர் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்