தேதியையும் விலையையும் சொல்லுங்கள்: சுசூகி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

போடிநாயக்கனூர்,
செப்டம்பர் 2025

சுசூகி, மாருதி சுசூகி நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

2023 ஜனவரியில் கிரேட்டர் நொய்டா கண்காட்சியில் நீங்கள் இவிஎக்ஸ் என்ற மின்சார எஸ்யூவியின் கான்செப்டை, அதாவது முன்மாதிரியை, காட்டியதை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். 60 கிலோவாட் மணி பேட்டரி, ஒரு சார்ஜில் 550 கிலோமீட்டர், 2025-க்குள் சந்தைக்கு வரும் என்றீர்கள். அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அடுத்த வண்டி இதுதான் என்று.

எங்களுக்குப் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரம் இரண்டு தடவை போடிமெட்டு ஏறியாக வேண்டும். கையில் இருப்பது பழைய டீசல் வண்டி, உங்கள் தயாரிப்பு அல்ல. இந்த ஆடிச் சாரலில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் கைவிட்டது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கவில்லை. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, 72 வயது அப்பா மழையில் இறங்கி, ரோட்டோரக் கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பின்னால் தோட்டத்து ஆட்களை ஏற்றிய ஜீப். அப்பா நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே, "ஏப்பா, அந்தக் கரண்டு வண்டி எப்ப வருமாம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

காத்திருந்தது என் முடிவு. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. நான் கேட்பது தேதியும் விலையும் மட்டுந்தான்.

ஆகஸ்ட் 26-ஆம் தேதி குஜராத் ஹன்சல்பூரில், அந்த இவிஎக்ஸ்தான் இப்போது பெயர் மாறி வருகிற இ விட்டாரா, அதன் உற்பத்தியைத் தொடங்கினீர்கள். பிபாவாவ் துறைமுகத்தில் கப்பல் ஏறி வண்டிகள் ஐரோப்பாவுக்குப் போகின்றன. பிரிட்டன்காரருக்கு 29,999 பவுண்டிலிருந்து என்று விலையும் தெரியும். ஏற்றுமதி வேண்டாம் என்று சொல்லவில்லை, நம் ஊரில் செய்த வண்டி நாலு நாட்டில் ஓடினால் சந்தோஷந்தான். ஆனால் முதலில் எங்களிடம் காட்டிவிட்டு, எங்கள் மண்ணில் செய்துவிட்டு, விலையை மட்டும் எங்களுக்குச் சொல்லாமல் இருப்பது மனதை உறுத்துகிறது. 2012-இல் கான்செப்டாகக் காட்டிய எக்ஸ்ஏ ஆல்ஃபா எஸ்யூவியும் பிரெஸ்ஸாவாகக் கடைக்கு வர 2016 ஆனது. எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் செய்கின்றன. மேடையில் விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள், அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சே இல்லை. வாங்குகிறவன் பழைய வண்டியை விற்பதா, கடனுக்கு எழுதிக் கொடுப்பதா என்று தெரியாமல் நிற்கிறான்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். ஏற்றத்தில் தேய்வதற்குக் கிளட்சே இல்லாமல், இறக்கத்தில் கொஞ்சம் சார்ஜைத் திருப்பியும் தருகிற வண்டி எங்கள் மலைக்கு வேண்டும் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நான்கு சக்கர இயக்கம் இங்கே கிடைக்குமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இந்தியாவில் எந்தத் தேதியில், என்ன விலையில் என்று தயவுசெய்து தீபாவளிக்கு முன் அறிவியுங்கள். பழைய வண்டிக்குப் புதுக் கிளட்ச் செட் போடவா வேண்டாமா என்று மெக்கானிக் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
போடியிலிருந்து ஓர் ஏல விவசாயி