ட்ரை ஐஸ் கொண்டுவந்த அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் ஆய்வக ஃப்ரீசர்கள் எல்லாம் மறுபடி மைனஸ் 80 டிகிரிக்கு வந்துவிட்டன. இன்று காலை அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் காபி இறங்கியது. மிக்ஜாம் புயல் மழையில் கரண்ட் போய், ஜெனரேட்டரை நம்பி எங்கள் ஆய்வகம் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அதை விரிவாகத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நன்றி சொல்லும் வேலைதான் பாக்கி.

முதல் நன்றி கல்யாண மேடை அலங்காரம் செய்யும் அண்ணனுக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது, ஃப்ரீசர்களில் குளிர் போகாமல் இருக்க ட்ரை ஐஸ் வேண்டும். வழக்கமாக அதை வாங்கும் இடத்தில் போனை எடுக்க ஆளில்லை. அப்போதுதான் என் மாணவி கேட்டாள்: "மேடம், பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது புகை விடுவாங்களே, அதுவும் ட்ரை ஐஸ்தானே?" இத்தனை வருஷம் அதோடு புழங்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் அக்கா கல்யாணத்துக்கு அலங்காரம் செய்தவரின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டோம். "ரிசப்ஷன் எல்லாம் தள்ளிப்போச்சு மேடம், சரக்கு சும்மா ஆவியாப் போயிட்டிருக்கு. எங்க கொண்டுவரணும்?" என்றார். யார், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை.

தண்ணீர் விட்ட தூரம் வரை குட்டி யானையில் வந்தார். அந்த மழையிலும் வண்டிக் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தார். ட்ரை ஐஸ் ஆவியானால் வருவது கார்பன் டை ஆக்சைடு, மூடிய வண்டிக்குள் மூச்சு முட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அப்புறம் இரண்டு பையன்களோடு தெர்மாகோல் பெட்டிகளைத் தோளில் தூக்கி வந்தார். என் மாணவர்களைக் கையுறை போடச் சொல்லி அதட்டியதும் அவர்தான்.

அடுக்கி முடித்த பிறகுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் கொடுத்த இரத்தம், எலிக்குட்டிகளின் மூளைத் துணுக்குகள் என்றேன். குளிர் போனால், ஜீன் வேலை செய்ததற்குத் தடயமான ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும், எந்த ஜீன் எந்த வயதில் வேலை செய்தது என்று படிக்க முடியாது என்றும் சொன்னேன். "மல்லிப்பூ மாதிரிங்களா? வாங்கறப்ப மொட்டு, மண்டபம் போறதுக்குள்ள மலர்ந்து வாடிடும்." என் ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை.

அந்த இரத்தத்தில் பெரும்பகுதி, ஆட்டிசத்துக்குக் காரணமாகக்கூடிய ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களுடையது. எக்ஸ் குரோமோசோமில் ஒரு ஜீனில் சி.ஜி.ஜி. என்ற டி.என்.ஏ. மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் அடுத்தடுத்து வந்தால் அந்த ஜீன் அடங்கிப்போகும். நரம்புச் சந்திப்புகளில் புரத உற்பத்தியை அளவோடு வைத்திருக்கும் புரதம் கிடைக்காமல் போகும். 1991-இல் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். எலிகளிடம் நன்றாக வேலை செய்த மருந்துகள் பிற்பாடு மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் எடுபடவில்லை. அந்தச் செய்தி வந்த சமயத்தில் வேறு வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பதின்வயதினரும் பெரியவர்களும். இந்த ஜீன் இல்லாத எலிக்குட்டிகளுக்கோ, மீசை மயிரின் தொடுவுணர்வைப் பதியும் மூளைப் பகுதி இணைப்புகளைச் செதுக்கிக்கொள்ளும் பருவமே சில நாள் தள்ளிப்போகிறது. அப்படியானால் மருந்தை எப்போது கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விதான் என்னை இங்கேயே உட்கார வைத்தது. ஒவ்வொரு நாள் வயதிலும் சேகரித்த துணுக்குகள் அதற்காகத்தான்.

இடுப்பளவு தண்ணீரில் எலிகளுக்குத் தீனி சுமந்துவந்த விலங்குக்கூடத் தம்பிகள், ராத்திரியில் கம்பம் ஏறிய லைன்மேன்கள், கேன் கேனாக டீசல் கொடுத்த பக்கத்துத் தெருக்காரர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. இரத்தம் கொடுத்த குடும்பங்களிலிருந்து போன் செய்த அம்மாக்களுக்கும்தான். அவர்கள் யாரும் எடுத்தவுடன் இரத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். 1940-களில் தொடங்கி பல பத்தாண்டுகள், தாயின் பாசக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று எங்கள் துறைக்காரர்கள் எழுதியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மாக்களுக்கு ஒரு வாக்கு. எங்கள் கட்டுரை எந்த ஆங்கில இதழில் வந்தாலும், என்ன கண்டோம், எது பலிக்கவில்லை என்று தமிழில் ஒரு கடிதம் அதே வாரம் உங்கள் வீட்டுக்கு வரும்.

அலங்கார அண்ணன் பில் அனுப்பவே மாட்டேன் என்கிறார். உங்கள் வீட்டில் தை மாதக் கல்யாணம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், எண் தருகிறேன். புகை தாராளமாகவே விடுவார்.