கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். நெல் பால் பிடித்து நிற்கிறது. இந்த மார்கழியில் பனி கொஞ்சம் கூடுதல். போனிலேயே பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தாலே "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள். ஷார்ஜாவில் லீவு நாள் வரும்போது நிதானமாகப் படி.

தை நாலாம் தேதி சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் மின்னொளி கபடி வைத்திருக்கிறார்கள். மார்கழி முடிவதற்குள் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். நேற்று ராத்திரி பையன்கள் நோட்டைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார்கள். பன்னிரண்டு பெயர். கடைசிப் பெயர் அவனுடையது.

இரண்டு வருடமாக முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புகிறோம் என்றார்கள். அது உண்மைதான். அவன் எதிர்ப்பக்கத்துக்குப் பாடப் போனால் ஓரத்தில் நின்று பிடிக்கிற கார்னர் இரண்டு பேரும் கோட்டை ஒட்டிப் பின்வாங்குவார்கள், ஒரே எட்டில் போனஸ் பாயிண்ட் எடுத்துவிட்டுத் திரும்புவான். அப்படி ஒரு ரைடர் இந்தக் கண்மாய்க்கரைப் பொட்டலில் எனக்குத் தெரிந்து வந்ததில்லை. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.

அந்த ஆட்டத்தை நான் மறக்கவில்லை, தம்பி. கடைசி நாலு நிமிடம். நாம் மூன்று பாயிண்ட் முன்னால். அவன் பாடப் போய், யாரையும் தொடாமலே பக்கவாட்டுப் பட்டையான லாபிக்குள் கால் வைத்து அவுட் ஆனான். சறுக்கிவிட்டது என்று நினைத்தோம். மறுபடி உள்ளே வந்தவன், அடுத்த பாட்டிலும் அதே கால், அதே லாபி. வேறு ஆள் இல்லாமல் கார்னர் பிடிக்கிற நீ பாடப் போனாய். மூன்று பேர் விழுந்து அமுக்கினதில் உன் வலது முட்டி திரும்பியது. இரண்டு பாயிண்டில் தோற்றோம். "கார்னர் பையன் பாடப் போய் கோப்பையைக் கொடுத்துட்டு வந்துட்டான்" என்று மைக்கில் சொன்னார்கள். அத்தனை ஊர் சனமும் கேட்டது.

அன்றைக்கு வண்டியில் வரும்போது நானும் உன்னைத் திட்டினேன். முட்டி வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து "உனக்கு எதுக்குடா அந்த வேலை" என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அவன் பதினைந்தாயிரம் வாங்கியிருந்தான் என்பது, கொடுத்தவன் போதையில் உளறிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஒரு மாதம் உன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தான். ஊரே உன்னைச் சொல்லும்போது வாயைத் திறக்கவில்லை. காசு வாங்கியதைக்கூட என்னால் தள்ளிவைக்க முடிகிறது, வண்டித் தவணைக்கு அலைந்தான் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்தைத்தான் தள்ளிவைக்க முடியவில்லை.

2018இல் ஐபிஎல் கிரிக்கெட்டுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வந்தபோது நாம் எப்படி விசில் அடித்தோம்! 2016, 2017 இரண்டு வருடம் தடை. திரும்பி வந்ததும் காவிரிப் போராட்டத்தில் சேப்பாக்கத்து ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. நம் சனம் ரயில் பிடித்துப் போய்ப் பார்த்தது. இறுதி ஆட்டத்தில் வாட்சன் 117 அடித்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சியை எழுப்பிவிட்டாய். ஆனால் அங்கே தடைக்குக் காரணம் நிர்வாகத்துப் பக்கம் நடந்த சூதாட்டம். களத்தில் ஆடியவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. அதனால் அன்றைக்கு மன்னிப்பது சுலபமாக இருந்தது. அதை வைத்து இதை அளக்க முடியாது.

இதற்குப் பக்கத்தில் வருவது பாகிஸ்தான் பந்துவீச்சாளர் ஆமிர் கதைதான். 2010இல் லார்ட்ஸ் மைதானத்தில் காசுக்காக நோ-பால் போட்டான். பதினெட்டு வயது. அங்கேயும் கோட்டைத் தாண்டிய கால்தான். இங்கிலாந்தில் ஜெயிலுக்குப் போனான், ஐந்து வருடம் தடை. 2015 கடைசியில் அவனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டபோது அந்த நாட்டு வீரர்கள் ஹஃபீஸும் அசார் அலியும் அவனோடு சேர்ந்து ஆட மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். பிறகு வாரியம் அவர்களிடம் பேசிச் சமாதானப்படுத்தியது. 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் நம் ரோகித், கோலி, தவான் மூன்று பேரையும் அவன் எடுத்ததை நீயும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். விக்கெட் எடுத்ததால் அவனைச் சேர்த்தது சரியாகிவிட்டது என்று அன்றைக்கு டிவியில் பேசினார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு விக்கெட்கூட எடுக்காமல் போயிருந்தால் சேர்த்தது தப்பாகிவிடுமா? கூப்பிட்ட முறைதான் எனக்கு உறுத்தல். அந்த இரண்டு பேரையும் முதலில் கேட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டிருக்கலாம். அந்தக் குழுவில் கேப்டனாக இருந்து சின்னப் பையனை இதில் இழுத்துவிட்ட சல்மான் பட் மறுபடி நாட்டுக்காக ஆடவேயில்லை. அது நியாயம்.

நம் குழுவில் ஹஃபீஸ், அசார் அலி இடத்தில் இருப்பது நீ. அதனால்தான் பேனாவை மூடிவைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. போன வாரம் அவன் அப்பா வந்தார். உள்ளே வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காபி ஆறும்வரை கையில் வைத்திருந்தார். "பையனைச் சேர்த்துக்கங்கண்ணே" என்று கேட்கவில்லை. "உங்க பிள்ளை கால் இப்ப எப்படி இருக்குண்ணே" என்றுதான் கேட்டார். இரண்டு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் கேள்வி. அவர் போன பிறகு எனக்கு ஆஸ்திரேலியக் கிரிக்கெட் கேப்டனாக இருந்த ஸ்மித் ஞாபகம் வந்தது. 2018இல் கேப்டவுனில் பந்தை உப்புத்தாளால் தேய்த்த விவகாரம். சிட்னி விமான நிலையத்தில் பேச முடியாமல் அழுதாரே, அப்போது அவர் அப்பா பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரெல்லாம் ஸ்மித் முகத்தைப் பார்த்தது. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். அன்றைக்கு வண்டியில் என் கை உன் தோளில் இருந்திருக்க வேண்டும்.

ஸ்மித்துக்கு ஒரு வருடம் ஆடத் தடை, கேப்டன் ஆக இன்னொரு வருடம் சேர்த்துத் தடை. அதே விவகாரத்தில் மாட்டிய வார்னருக்கும் ஆட ஒரு வருடம்தான் தடை. ஆனால் கேப்டன் பொறுப்பே கிடையாது என்று எழுதிவைத்தார்கள், 2024இல்தான் அதை எடுத்தார்கள். ஆடுவது வேறு, குழுவை நடத்துவது வேறு என்று அவர்கள் பிரித்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

என் எண்ணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனைச் சேர்க்கலாம். இருபத்தாறு வயதில் ஒருவனைப் பொட்டல் பக்கமே வராதே என்றால் அவன் வேறு எங்கே போவான்? காசு கொடுத்தவன் இன்னமும் டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் கோப்பைக்காகச் சேர்க்க எனக்கு மனசில்லை. மேலத்தெருப் பையன் ஒருத்தன் வேறு ஊருக்குப் பெயர் மாற்றி ஆடினான் என்று நாம் துரத்தினோமே, அவனுக்காக இன்றுவரை ஒருவரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அவன் சுமாரான ஆட்டக்காரன், அதுதான் காரணம். இவனுக்குக் கதவு திறந்தால் அவனுக்கும் திறக்க வேண்டும் என்று பையன்களிடம் சொன்னேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். நான் விடப்போவதில்லை.

அப்புறம், அவன் டாஸுக்குப் போகக் கூடாது, பரிசுப் பணத்தைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைக்கைப் பிடித்து, அன்றைக்குத் தோற்றது உன்னால் இல்லை, தன்னால் என்று உன் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். உன்னைக் குறை சொன்னது மைக்கில் கேட்டது. இதுவும் மைக்கில்தான் கேட்க வேண்டும். அவனிடம் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்கிட்ட நானே முதல்ல பேசலாமா மாமா?" என்று கேட்டான். உன் நம்பரை நான் கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் கேட்க மாட்டேன், பையன்களையும் கேட்க விடமாட்டேன். அவன் இல்லாமல் ஆடுவோம், தோற்றால் தோற்கட்டும். அப்பா மனசு இப்படி இருக்கிறதே என்று நீ வளைந்துகொடுக்க வேண்டியதில்லை. ராத்திரி படுக்கும்போது வலிப்பது உன் முட்டிதான், என்னுடையது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை நோட்டு என்னிடம் இருக்கும். சேர்க்கலாமா, நம்பரைக் கொடுக்கலாமா என்று இரண்டுக்கும் பதில் சொல். ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்றாலும் அப்படியே செய்கிறேன்.

ஏணி ஏறும் வேலையை மேஸ்திரியிடம் சொல்லி மாற்றிக்கொண்டாயா? டாக்டர் சொன்ன பயிற்சியைக் காலையில் விடாமல் செய். அம்மா தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், வாடிப்பட்டிக்காரர் பொங்கல் முடிந்து திரும்பும்போது அவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா